வதந்தியும் சட்டமும்

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா என்று நம் முன்னோர் கேட்டனர். இல்லை என்பதே அவர்கள் கருத்து. ஆயின் இன்று ஊர்வாய் முழுவதும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. அதற்கு ஒரு மூடியும் சட்டத்தில் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூடி யார் கையில் இருக்கிறது, எக்காரணத்திற்காக மூடலாம், எக்காரணத்திற்காக மூடலாகாது, மூடியவர் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பனவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

இப்பொருள் எல்லோர்க்கும் உரியதேயாயினும், சொந்த மாநிலத்தை விட்டுப் பிற மாநிலத்தில் வாழ்வோர்க்குச் சிறப்பாக உரியது. தாராவியிலும் மாதுங்காவிலும், கரோல்பாக்கிலும், பெங்களூரிலும், கோலார் தங்கவயலிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். ஊரார் நம்பிக்கையே இவர்களுக்குப் பாதுகாப்பு. அந்த நம்பிக்கையை ஒரு பொய்ச் செய்தி ஓர் இரவில் குலைத்துவிடக் கூடும். மற்றொரு புறம், இவர்கள் தம் குறையை எடுத்துச் சொல்வதற்குச் சட்டசபையில் ஆளும், செய்தித்தாளில் இடமும் எளிதில் கிடைப்பதில்லை. சமூக ஊடகமே பலருக்கு ஒரே மேடை. ஆகவே வதந்தி பரவினாலும் இவர்களுக்குக் கேடு. வதந்தியை அடக்குவதாகச் சொல்லி உண்மையான குரலை அடக்கினாலும் இவர்களுக்குக் கேடு. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்துக்கொண்டுதான் இதனை ஆராய வேண்டும்.

வதந்தி என்ன செய்ய வல்லது என்பதற்கு 2012ஆம் ஆண்டு நடந்ததே தக்க சான்று. அவ்வாண்டு ஜூலையில் அஸ்ஸாமில் கோக்ராஜார்ப் பகுதியில் கலவரம் மூண்டது. அதன் எதிரொலியாக, தென்னிந்திய நகரங்களில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்ற செய்தி, ஆகஸ்ட் மாதத்தில் குறுஞ்செய்திகளாகவும் படங்களாகவும் பரவியது. வேறு இடங்களில், வேறு காலங்களில் எடுக்கப்பட்ட படங்கள் அஸ்ஸாமில் எடுக்கப்பட்டவை என்று காட்டப்பட்டன. சில நாட்களுக்குள் பெங்களூரிலிருந்தும், புனேயிலிருந்தும், சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வேலையையும் படிப்பையும் விட்டு ரயிலேறினர். பெங்களூரிலிருந்து குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. மத்திய அரசாங்கம் ஒரு கைப்பேசியிலிருந்து நாளொன்றுக்கு 5 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பலாகாது என்று 15 நாட்களுக்குத் தடை விதித்தது. பின்னர் அந்த எண்ணிக்கை 20 ஆக உயர்த்தப்பட்டது. இணையத்தில் சுமார் 300 முகவரிகளை முடக்கவும் ஆணையிட்டது.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு முடக்கப்பட்டவற்றுள், அப்படங்கள் பொய்யானவை என்று ஆதாரத்துடன் எடுத்துக்காட்டிய பக்கங்களும் இருந்தன. தீயை அணைக்க வந்த நீரையே அணைகட்டித் தடுத்ததுபோல் ஆயிற்று அது. அவசரத்தில் ஆளப்படும் அதிகாரம் நோயையும் மருந்தையும் வேறு பிரித்துப் பாராது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2018ஆம் ஆண்டில் வதந்தி உயிர்களைக் குடித்தது. பிள்ளை பிடிக்கும் கூட்டம் ஊருக்குள் நுழைந்திருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப் வழியே மாநிலம் மாநிலமாகச் சென்றது. அதனுடன் சென்ற ஒரு காட்சி, பாகிஸ்தானிலுள்ள கராச்சியில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி மக்களுக்கு அறிவுறுத்த எடுக்கப்பட்ட ஒரு குறும்படம். அதன் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு, உண்மையான கடத்தல் என்று காட்டினர். அவ்வாண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் கோயில் வழிபாட்டுக்காகச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டத்தினர் அவரை அடித்துக் கொன்றனர். ஜூலை 1ஆம் நாள் மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்து ரயின்பாடா என்னும் ஊரில், இரந்துண்டு வாழும் நாடோடிக் குலத்தைச் சேர்ந்த ஐவர் அதே ஐயத்தினால் உயிரிழந்தனர். இவ்விரண்டிலும் மாண்டவர்கள் அந்தந்த ஊருக்குப் புதியவர்கள். வதந்தி முதலில் தேடுவது ஊருக்குப் புதியவனையே.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னர், ஒரு செய்தியை ஒரே முறையில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில் இந்தியாவில் வரம்பு கட்டியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் அதனை மேலும் இறுக்கியது. செய்தியை நீக்காமல், அதன் வேகத்தை மட்டும் குறைத்த வழி இது.

தமிழ்நாட்டையே மையமாக வைத்து 2023 மார்ச்சில் ஒரு வதந்தி எழுந்தது. பீகாரிலிருந்து வந்து தமிழ்நாட்டில் உழைக்கும் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று சில காட்சிகள் வடமாநிலங்களில் பரவின. அவற்றுள் ஒன்று புலம்பெயர்ந்த தொழிலாளரின் இரு குழுவினர் தம்முள் சண்டையிட்ட காட்சி. மற்றொன்று உள்ளூரார் தமக்குள் சண்டையிட்ட காட்சி என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசாங்கம் ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. வதந்தி பரப்பியோர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. ஆயினும், அதற்குள் திருப்பூரிலும் பிற ஊர்களிலும் அச்சம் பரவிவிட்டது. பீகார்த் தொழிலாளி திருப்பூரில் அன்று பட்ட அச்சத்தை, காவிரிப் பிரச்சினை முற்றும் போதெல்லாம் பெங்களூர்த் தமிழர் அறிவர். 2016 செப்டம்பரில் அந்நகரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. இரு மாநிலங்களிலும் நடந்த தாக்குதல்களின் காட்சிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. அவற்றுட் சில உண்மையான காட்சிகளே. உண்மையான காட்சியும் சினத்தை மூட்டக் கூடும் என்பதை இங்கு மறத்தலாகாது. பொய் என்பது வேறு, தூண்டுதல் என்பது வேறு. சட்டமும் இவ்விரண்டையும் வேறாகவே கொள்கிறது.

இனி, அரசாங்கத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நமது அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குடிமக்கள் எல்லோர்க்கும் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் அளிக்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, எக்காரணங்களுக்காக இவ்வுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று எண்ணிச் சொல்கிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவையே அவை. இப்பட்டியலில் 'பொய்' என்ற சொல் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒரு செய்தி பொய் என்பதனாலேயே அதைத் தடுக்க அரசாங்கத்திற்கு அதிகாரம் வந்துவிடாது. அப்பொய் பொது ஒழுங்கைக் குலைக்கவோ, ஒருவர் மானத்தைக் கெடுக்கவோ, குற்றத்தைத் தூண்டவோ செய்தால்தான் சட்டம் குறுக்கிடலாம்.

இப்பட்டியல் தொடக்கத்திலிருந்தே இவ்வாறு இருந்ததன்று. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார ஏடு தன் எல்லைக்குள் வரலாகாது என்று சென்னை அரசாங்கம் தடை விதித்தது. பொதுப் பாதுகாப்பும் பொது ஒழுங்குமே அத்தடைக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. 1950ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த ஆண்டில் செய்யப்பட்ட முதலாவது அரசியல் சட்டத் திருத்தத்தினால்தான் 'பொது ஒழுங்கு' என்பது இப்பட்டியலில் சேர்ந்தது. 'நியாயமான' என்ற சொல்லும் அப்போதே சேர்ந்தது. அதிகாரத்தை விரிவாக்கிய அதே திருத்தம் அதற்கு ஒரு கடிவாளத்தையும் பூட்டிற்று. கட்டுப்பாடு நியாயமானதுதானா என்று நீதிமன்றம் கேட்கலாம் என்பதே அக்கடிவாளம்.

இணையத்திற்கென்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2008இல் விரிவாகத் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தில் 66ஏ என்ற பிரிவு புகுத்தப்பட்டது. பிறர்க்கு எரிச்சலூட்டும் செய்தியையோ, மிகவும் புண்படுத்தும் செய்தியையோ அனுப்புவோரை மூன்றாண்டு வரை சிறையிலிடலாம் என்றது அது. எரிச்சல் என்பதற்கு எல்லை ஏது? 2012இல் ஓர் அரசியல் தலைவர் மறைந்ததையொட்டி மும்பையில் கடையடைப்பு நடந்தது. அதைக் குறித்து முகநூலில் ஒரு கேள்வி எழுப்பிய இளம்பெண்ணும், அதை விரும்பியதாகக் குறியிட்ட அவள் தோழியும் பால்கர் என்ற ஊரில் கைது செய்யப்பட்டனர். நாடெங்கும் அதனால் கிளர்ச்சி எழுந்தது. ஷ்ரேயா சிங்கல் வழக்கு என்று வழங்கப்படும் வழக்கில், 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை முற்றிலும் நீக்கியது. ஒரு கருத்தை விவாதிப்பது, அதற்காக வாதாடுவது, குற்றத்திற்குத் தூண்டுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு என்றும், முதலிரண்டும் எவ்வளவு கசப்பானவையாயினும் உரிமையே என்றும், மூன்றாவதைத் தொடும்போதுதான் கட்டுப்பாடு பிறக்கிறது என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது.

அதே தீர்ப்பு மற்றொரு பிரிவை நிலைநிறுத்தியது. அதுவே 69ஏ. இன்று மத்திய அரசாங்கம் ஓர் இணையப் பக்கத்தையோ, ஒரு பதிவையோ, ஒரு செயலியையோ முடக்குவதற்கு உள்ள முதன்மையான வழி இதுதான். டிக்டாக் முதலிய 59 செயலிகள் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது இப்பிரிவின் கீழேயே. இதன்படி நடைபெறும் முறையை 2009ஆம் ஆண்டு விதிகள் வகுத்துள்ளன. ஓர் அமைச்சகமோ மாநில அரசாங்கமோ முடக்குமாறு கோரிக்கை அனுப்பும். இணைச் செயலாளர் பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரி அதனைப் பெற்று, சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு முதலிய துறைகளின் பிரதிநிதிகள் அடங்கிய குழுவின் முன் வைப்பார். பதிவை எழுதியவருக்கோ அதைச் சுமந்து செல்லும் நிறுவனத்திற்கோ அறிவிப்புக் கொடுத்து, விடை கூற 48 மணி நேரமாவது அளிக்க வேண்டும். அதன்பின் துறைச் செயலாளர் இசைவளித்தால்தான் ஆணை பிறக்கும். காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். அவசர நிலையில் விசாரணையின்றியே முடக்கலாம். ஆயினும் 48 மணி நேரத்திற்குள் அதைக் குழுவின் முன் வைத்தாக வேண்டும். ஆணைக்குப் பணியாத நிறுவனத்தார்க்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இவ்வளவு படிகள் இருப்பதனாலேயே இப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று.

இவ்வழியில் முடக்கப்பட்ட முகவரிகள் 2014இல் 471 ஆக இருந்தன. 2020இல் 9,849 ஆயின. இவ்வெண்கள் பாராளுமன்றத்தில் அரசாங்கம் தெரிவித்தவை. எண் பெருகியதற்குப் பொய் பெருகியதும் காரணமாகலாம். அதிகாரத்தை ஆளும் கை பழகிப்போனதும் காரணமாகலாம். எது எவ்வளவு என்று வெளியிலிருப்போர் எளிதில் அறிய இயலாது. ஏனெனில் கோரிக்கைகளையும் ஆணைகளையும் மறைபொருளாக வைக்க வேண்டும் என்று அதே விதிகளுள் 16ஆம் விதி சொல்கிறது. தன் பதிவு ஏன் மறைந்தது என்று அறியாத ஒருவன் எவ்வாறு முறையிடுவான் என்ற கேள்வியைச் சட்ட அறிஞர் பலர் எழுப்பியுள்ளனர். அது நியாயமான கேள்வி.

இரண்டாவது வழி 79ஆம் பிரிவின் வழி. பிறர் எழுதியதைச் சுமந்து செல்லும் நிறுவனத்தை அப்பிரிவு 'இடையீட்டாளர்' என்கிறது. கடிதத்தில் எழுதியிருப்பதற்குத் தபால்காரர் பொறுப்பல்லர். அதுபோல் பிறர் பதிவுக்கு இடையீட்டாளர் பொறுப்பல்லர். ஆனால், ஒரு பதிவு சட்டவிரோதமானது என்று தெரிந்த பின்னும் அதை நீக்காவிட்டால் இப்பாதுகாப்புப் போய்விடும். தெரிந்த பின் என்றால் என்ன? நீதிமன்ற ஆணையோ, உரிய அரசாங்கத்தின் அறிவிப்போ வந்த பின் என்று 2015 தீர்ப்பு விளக்கியது. தனி மனிதர் எவரேனும் கடிதம் எழுதிய மாத்திரத்தில் நீக்க வேண்டியதில்லை என்பது இதன் பொருள். 2021ஆம் ஆண்டு விதிகள் வெளிவந்தபோது, அவ்வறிவிப்புக் கிடைத்த 36 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டும் என்று இருந்தது. 2026 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம் அதனை 3 மணி நேரமாகச் சுருக்கியது. செயற்கை நுண்ணறிவினால் ஆக்கப்பட்ட படங்களுக்கும் குரல்களுக்கும் அவ்வாறே குறியிட வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் சேர்ந்தது.

இவ்வறிவிப்புகளை நிறுவனங்களுக்கு விரைந்து அனுப்புவதற்காக, உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 'சஹயோக்' என்னும் இணையவாயிலை 2024இல் அமைத்தது. 69ஏ பிரிவிலுள்ள குழுவும் விசாரணையும் இல்லாத குறுக்குவழி இது என்று எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டது. 2025 செப்டம்பர் 24ஆம் நாள் அந்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும், அடுத்த மாதமே மத்திய அரசாங்கம் விதியைத் திருத்தியது. அதன்படி, கீழ்நிலை அதிகாரிகள் இத்தகைய அறிவிப்பு அனுப்பலாகாது; பொதுவாக இணைச் செயலாளர் நிலையிலுள்ளவரே, காவல்துறையாயின் அதற்கென அதிகாரம் பெற்ற டி.ஐ.ஜி. பதவிக்குக் குறையாதவரே அனுப்பலாம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது, எந்த முகவரியை நீக்க வேண்டும் என்று தெளிவாகக் குறிக்க வேண்டும். மாதந்தோறும் இவ்வறிவிப்புகளை ஒரு செயலாளர் மறுபார்வையிட வேண்டும். வழக்கில் தோற்றவர் எழுப்பிய வினாவுக்கும் ஓரளவு விடை கிடைத்தது என்று இதனைக் கொள்ளலாம்.

இனி, பொய்யை உண்மையிலிருந்து பிரிக்கும் பணியையே அரசாங்கம் ஏற்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து உண்மை சரிபார்க்கும் பிரிவு ஒன்றை நடத்தி வருகிறது. அரசாங்கத் திட்டங்களைப் பற்றியும் ஆணைகளைப் பற்றியும் பரவும் செய்திகளை ஆராய்ந்து, 'இது பொய்' என்று அறிவிப்பது அதன் வேலை. இது வரவேற்கத்தக்கது; கூறுவதைக் கூறி, நம்புவதை மக்களுக்கு விட்டுவிடும் வழி இது. ஆனால் 2023 ஏப்ரலில் செய்யப்பட்ட ஒரு விதித் திருத்தம் ஒரு படி மேலே சென்றது. மத்திய அரசாங்கத்தின் அலுவல்களைப் பற்றிய ஒரு செய்தி பொய் என்றோ, திரிக்கப்பட்டது என்றோ அரசாங்கத்தின் பிரிவு குறித்துவிட்டால், அதனைத் தாங்கி நிற்கும் நிறுவனம் தன் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும் என்ற நிலையை அது உண்டாக்கியது. இதனை எதிர்த்து, ஒரு நகைச்சுவைக் கலைஞரும் பத்திரிகையாசிரியர் சங்கமும் பிறரும் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். மார்ச் 20ஆம் நாள் அரசாங்கம் அப்பிரிவை அறிவிக்கையிட, மறுநாளே உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 20ஆம் நாள் மூன்றாவது நீதிபதி, அத்திருத்தம் அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று கருத்தளித்தார். அதன்படி அது நீக்கப்பட்டது.

இவ்வழக்கின் உட்கருத்து எளியது. தன்னைப் பற்றிய செய்தி மெய்யா பொய்யா என்று தானே முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு இருந்தாலும், அவர் தம் வழக்கில் தாமே நீதிபதியாகிறார். மறுத்துச் சொல்லும் உரிமை அரசாங்கத்திற்கு உண்டு. மறுத்ததனாலேயே மற்றவர் வாய் அடைபடுவதில்லை.

கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும், நாம் அனுப்பும் செய்தியை எல்லாம் அரசாங்கம் படிக்கிறது என்று அஞ்சுவோர் உளர். மூன்று நீலக்குறி தோன்றினால் அரசாங்கம் படித்துவிட்டது என்றும், சிவப்புக்குறி தோன்றினால் வழக்குத் தொடுக்கப்படும் என்றும் ஒரு செய்தி ஆண்டுதோறும் சுற்றி வருகிறது. அது முற்றிலும் பொய் என்று மேற்சொன்ன பிரிவே அறிவித்துள்ளது. வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கத்தக்கவாறு பூட்டிச் செல்கின்றன. காவல்துறையின் கண்ணில் படுவது பெரும்பாலும் எல்லோரும் காணுமாறு இடப்பட்ட பதிவும், யாரேனும் கொண்டுவந்து காட்டிய செய்தியுமே. ஆயின், பூட்டியிருக்கிறது என்பதனால் பொறுப்பில்லை என்று எண்ணிவிடலாகாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவு, மக்களிடையே அச்சத்தையோ பகையையோ உண்டாக்கும் நோக்கத்துடன் பொய்ச் செய்தியையோ வதந்தியையோ ஆக்குவோரை மட்டுமன்றி, பரப்புவோரையும் மூன்றாண்டு வரை சிறையிலிடலாம் என்கிறது. 'எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்' என்பது மட்டும் விடையாகாது. அதே பிரிவு, ஒரு செய்தியை உண்மையென்று நம்புவதற்குத் தக்க காரணம் கொண்டு, தீய நோக்கமின்றி நல்லெண்ணத்துடன் சொன்னவரை விலக்கியும் வைக்கிறது.

ஓர் ஊரில் கலவரம் மூளும்போது, பதிவுகளைத் தேடி நீக்குவதற்குப் பதில் இணையத்தையே நிறுத்திவிடும் வழக்கமும் உண்டு. மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிப் பல மாதங்கள் இவ்வாறு நிறுத்தப்பட்டது. இத்தகைய ஆணைகளை வெளியிட வேண்டும், அவை தேவைக்கு மிஞ்சலாகாது, காலவரையின்றி நீடிக்கலாகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விதித்தது. ஓர் ஆணை 15 நாட்களுக்கு மேல் செல்லாது என்பது இன்றைய விதி. வீட்டுக்குப் பணம் அனுப்பவும், பெற்றோருக்கு நலம் சொல்லவும் இணையத்தையே நம்பியிருக்கும் வெளிமாநிலத்தவர்க்கு, இணையம் நிற்பதே ஒரு வதந்திக்கு வித்து. செய்தி வராத வீட்டில் அச்சம் குடிபுகும்.

இனி நேயர்கள் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். உங்களையோ உங்கள் சமூகத்தாரையோ குறிவைத்து ஒரு பொய்ப் பதிவு பரவுமாயின், முதலில் அதன் முகவரி, நாள், நேரம் ஆகியவற்றுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீக்கப்பட்ட பின் சான்று கிடைப்பது அரிது. வன்முறைக்குத் தூண்டுவதாயின் உடனே அவ்வூர்க் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதிவு தமிழில் இருந்து, அதிகாரி தமிழறியாதவராயின், அவ்வூர் மொழியிலோ ஆங்கிலத்திலோ அதன் பொருளை எழுதி இணையுங்கள். அவ்வூர்த் தமிழ்ச் சங்கம் இப்பணியை மேற்கொள்ளுமாயின் அது பெருந்தொண்டு. ஒவ்வொரு பெரிய சமூக ஊடக நிறுவனமும் இந்தியாவில் குடியிருக்கும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அவருக்கும் முறையிடுங்கள். அவர் முடிவு நிறைவளிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் மத்திய அரசாங்கம் 2023இல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்களை இணைய வழியே அணுகலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை.

உங்கள் பதிவே நீக்கப்படுமாயினும் இவ்வழிகள் திறந்தே உள்ளன. கூலி கொடாத முதலாளியைப் பற்றியோ, தண்ணீர் வாராத தெருவைப் பற்றியோ உண்மையை எழுதியிருந்தால், அது மறைந்தவுடன் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. நீக்கியது நிறுவனமா, அரசாங்க ஆணையா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். நிறுவனத்தின் முடிவாயின் குறைதீர் அலுவலரும் மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு. அரசாங்க ஆணையாயின், அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். ஆணையில் எழுத்து மூலம் காரணம் இருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

சட்டத்தின் கை நீளமானது; எனினும் வதந்தியின் கால் அதைவிட வேகமானது. மூன்று மணி நேரத்தில் நீக்கினாலும், அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு தெருவே காலியாகிவிடக் கூடும். அந்த இடைவெளியை நிரப்பக் கூடியவர், நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் ஊரில் இருப்பவரே. 'அங்கே தமிழர்களை அடிக்கிறார்களாமே' என்று ஊரிலிருந்து தொலைபேசி வரும்போது, உங்கள் தெருவில் நீங்கள் கண்டது என்னவோ அதை மட்டும் சொல்லுங்கள். கண்டிராததைக் கண்டதாகச் சொல்ல வேண்டாம். அடுத்த பேட்டையில் நடந்ததாகக் கேட்டதைச் சேர்க்கவும் வேண்டாம். உண்மையிலேயே தாக்குதல் நடந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். எங்கே, எப்போது, யாரிடம் புகார் செய்யப்பட்டது என்று அளவோடு சொல்லுங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற பழமொழி, கைப்பேசி வருவதற்கு நெடுங்காலம் முன்பே இதனை வகுத்து வைத்திருக்கிறது. தீர விசாரிக்கும் வாய்ப்பு ஊரிலிருப்போர்க்கு இல்லை. அங்கு வாழும் உங்களுக்கே உண்டு.